டிரம் ஸ்மோக்கர் கட்டலாமா? பில்லில் வராத செலவையும் சேர்த்து ஒரு கணக்கு

பழைய இரும்பு டிரம்மை பார்பிக்யூ ஸ்மோக்கரா மாத்துற வீடியோ ஒண்ணாவது உங்க கண்ணில் பட்டிருக்கும். பத்து நிமிஷ வீடியோ. கீழே மூணு ஓட்டை, நடுவில் ஒரு வலை, மேலே மூடி. கடைசியில் தேன் நிறத்தில் ஒரு முழுக்கோழி. "கடையில் வாங்கினா இருபதாயிரம், நானே கட்டினா ரெண்டாயிரம்" என்று முடித்துவிடுவார்கள்.

அந்த ரெண்டாயிரம் பொய் இல்லை. ஆனால் அது டிரம்மின் விலை மட்டும்தான். வெல்டிங் பட்டறைக் கூலி, தெர்மாமீட்டர், டெம்போ வாடகை, உங்க ரெண்டு வார இறுதி, தப்பான டிரம் வாங்கினால் உடம்புக்கு வரும் ஆபத்து, இதெல்லாம் அந்த வீடியோ கணக்கில் இல்லை.

வீட்டில் செய்யும் எந்தப் பொருளும் மலிவா தெரிவதற்கு முக்கியக் காரணம், கணக்கில் சில வரிகளை எழுதாமல் விடுவதுதான். அந்த வரிகளையும் எழுதிப் பார்த்தால், சிலருக்கு டிரம் ஸ்மோக்கர் நல்ல முடிவு. சிலருக்கு அது மிச்சம் என்ற பெயரில் வரும் கூடுதல் செலவு. நீங்க எந்தப் பக்கம் என்று பார்க்கலாம்.

முதலில், அது எப்படி வேலை செய்யுது?

கிரில் வேறு, ஸ்மோக்கர் வேறு. கிரில்லில் நேரடியான கடும் சூடு, கொஞ்ச நேரம். ஸ்மோக்கரில் மிதமான சூடு, நிறைய நேரம், கூடவே புகை. சுமார் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரைக்கும் வெப்பத்தைப் பிடித்து வைத்து, மணிக்கணக்கில் கறியை வேக விடுவது. கறியில் இருக்கும் கெட்டியான இணைப்புத் திசு மெதுவாக இளகி மிருதுவாவதற்கு இந்த நேரம் தேவை.

டிரம் இதற்குப் பொருத்தமானது. நம்ம ஊரில் பேரல் என்று விற்கும் 200 லிட்டர் டிரம்மின் உயரம் சுமார் 88 செ.மீ., உள் விட்டம் சுமார் 57 செ.மீ. அடியில் கரிக்கூடை, மேலே கிரில், இரண்டுக்கும் நடுவில் சுமார் 60 செ.மீ. இடைவெளி. சூடான காற்று புகைபோக்கி மாதிரி மேலே ஏறும். கறியில் இருந்து சொட்டும் கொழுப்பு கரியில் விழுந்து ஆவியாகித் திரும்ப கறியிலேயே படியும். டிரம்மில் சமைத்த கோழிக்கு வரும் தனி ருசிக்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரே ஒரு விதியைப் புரிஞ்சுக்கிட்டா போதும். கரி எவ்வளவு போட்டீங்க என்பது எவ்வளவு நேரம் எரியும் என்பதை முடிவு செய்யும். காற்று எவ்வளவு விட்டீங்க என்பது எவ்வளவு சூடு என்பதை முடிவு செய்யும். நம்ம பாஷையில் சொன்னால், கரி உங்க பேங்க் பேலன்ஸ், கீழே இருக்கும் வால்வு உங்க மாசச் செலவு. வால்வை முழுசா திறந்து வைத்தால் எவ்வளவு கரி இருந்தாலும் சீக்கிரம் தீரும்.

இது புதுசா யாரோ கண்டுபிடித்த விஷயமும் இல்லை. நடுவில் ரெண்டு வளையம் வைத்த இந்த இரும்பு டிரம்முக்கு ஹென்றி வேர்ஹான் என்பவர் அமெரிக்காவில் 1905-ல் காப்புரிமை வாங்கினார். ஜமைக்காவில் பாதியா வெட்டிய டிரம்மில்தான் தெருவோரம் 'ஜெர்க்' கோழி சுடுகிறார்கள். அமெரிக்காவில் இதற்குச் செல்லப் பெயர் 'அக்லி டிரம் ஸ்மோக்கர்', அதாவது அசிங்கமான டிரம். பார்க்க அழகா இருக்காது, வேலை நடக்கும்.

பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம்: டிரம்

மற்ற எல்லாப் பொருளிலும் பேரம் பேசுங்க. இதில் மட்டும் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் 600 ரூபாய்க்குக் கிடைக்கும் டிரம்மில் முன்னாடி என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். பூச்சிமருந்து, தின்னர், பெயின்ட், ஏதோ ஒரு ரசாயனம். அதில் சமைத்துக் குடும்பத்துக்குக் கொடுக்கப் போறீங்க. இங்கே மிச்சம் பிடிக்கும் 2,000 ரூபாய், ஒரு ஸ்கேன் செலவுக்குக் கூடக் காணாது.

வாங்கும்போது இதைப் பாருங்க:

1. புது டிரம், அல்லது உணவுப் பொருள் மட்டுமே வந்த டிரம். மாம்பழக் கூழ் ஆலைகளில் கூழைக் கிருமியில்லாத பையில் அடைத்து, அந்தப் பையை இரும்பு டிரம்முக்குள் வைத்து அனுப்புவார்கள். கூழ் இரும்பில் படாது. கிருஷ்ணகிரிப் பக்கம் இந்த ஆலைகள் அதிகம். ஜூஸ், ஐஸ்கிரீம் தயாரிப்பவர்களிடம் அந்தக் காலி டிரம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்க.

2. மேல்மூடி முழுசா கழலும் டிரம். மூடியைச் சுற்றி கிளாம்ப் வளையம் இருக்கும். டிரம்மில் பதித்திருக்கும் சர்வதேசக் குறியீட்டில் '1ஏ2' என்று இருந்தால் கழலும் மூடி, '1ஏ1' என்று இருந்தால் மூடியே கழலாத டிரம்.

3. மூடி கழலாத டிரம்மை வாங்கிக் கட்டிங் மெஷின் போட்டு அறுக்காதீங்க. காலியான டிரம்தானே என்று நினைப்போம். உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய், தின்னர் ஆவி ஒரு தீப்பொறியில் வெடிக்கும். இப்படி உயிர் போயிருக்கு. பட்டறைக்காரர் "பரவாயில்ல சார்" என்று சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

4. சாய்சதுர வடிவத்தில் ஆபத்து லேபிள் ஒட்டியது, லேபிளைச் சுரண்டி எடுத்தது, ரசாயன வாடை அடிப்பது, மூன்றும் வேண்டாம்.

5. துத்தநாகப் பூச்சு உள்ள ஜி.ஐ. டிரம், ஜி.ஐ. வலை வேண்டாம். கடும் சூட்டில் துத்தநாகப் புகை வரும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் மாதிரி உடம்பு படுத்தும்.

6. உள்ளே செம்பழுப்பு அல்லது இளமஞ்சள் நிறத்தில் பூச்சு இருந்தால் அது ஒரு வகைப் பிசின். அதை எரித்து, சுரண்டி முழுசா எடுக்கணும். பூச்சு இல்லாத வெறும் இரும்பு டிரம் கிடைத்தால் ரெண்டு நாள் வேலை மிச்சம்.

கட்டும் முறை, சுருக்கமா

முதல் வேலை, டிரம்மை எரிப்பது. திறந்த வெளியில், வீடுகளில் இருந்து தள்ளி, மூடி இல்லாமல், காய்ந்த விறகு போட்டு ரெண்டு மூணு மணி நேரம் எரிய விடுங்க. காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்க, புகையைச் சுவாசிக்காதீங்க. ஆறின பிறகு ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைங்க.

அடுத்து காற்று வழி. அடியில் இருந்து சுமார் 5 செ.மீ. உயரத்தில், சம இடைவெளியில் மூணு ஓட்டை. முக்கால் இன்ச் பைப் நுழையும் அளவு, சுமார் 27 மி.மீ. ஒரு ஓட்டையில் பால் வால்வு, மற்ற ரெண்டில் மூடி போட்ட குட்டிப் பைப். மேல்மூடியில் அரை இன்ச் அளவில் எட்டு ஓட்டை. புகை வெளியே போகும் வழி இது.

கரிக்கூடையை ஜாலித் தகட்டில் வளைத்துச் செய்யலாம். சுமார் 35 செ.மீ. விட்டம். சாம்பல் கீழே விழுவதற்கு 7, 8 செ.மீ. உயரத்தில் கால் வைக்கணும். கிரில்லைத் தாங்குவதற்கு, டிரம்மின் விளிம்பில் இருந்து சுமார் 18 செ.மீ. கீழே நாலு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட். கிரில் 304 தர ஸ்டெயின்லெஸ் கம்பியில் இருந்தால் துருப் பிடிப்பது குறையும்.

சூடு தாங்கும் பெயின்ட் வெளியே மட்டும். உள்ளே பெயின்ட் கூடவே கூடாது. உள்பக்கம் சமையல் எண்ணெய் மெல்லிசா தடவி, கறி எதுவும் வைக்காமல் ரெண்டு மூணு மணி நேரம் கரி போட்டு ஓட்டுங்க. தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரிதான் இது.

தெர்மாமீட்டர் ரெண்டு வேணும். ஒண்ணு டிரம்மின் சூட்டைப் பார்க்க. இன்னொண்ணு கறிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வகை. கோழி என்றால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட்டிருக்கணும். வெளியே நிறம் நல்லா வந்துட்டுது என்று எடுத்துப் பரிமாறாதீங்க. புகை கொடுக்கும் நிறம் உள்ளே வெந்ததற்கு அடையாளம் இல்லை. பட்ஜெட்டில் பலர் வெட்டும் முதல் பொருள் இந்த ரெண்டாவது தெர்மாமீட்டர்தான். அதை வெட்டாதீங்க.

இப்போ பில் போடுவோம்

கீழே இருப்பவை நான் உதாரணத்துக்கு எடுத்த தொகைகள். உங்க ஊர் விலையை விசாரித்து அந்த இடத்தில் போட்டுக்கோங்க. முக்கியம் தொகை இல்லை, ஒரு வரி கூட விட்டுப்போகாமல் எழுதுவது.

டிரம், மூடி, கிளாம்ப் வளையம்: ரூ. 2,500
ஸ்டெயின்லெஸ் கிரில் வலை: ரூ. 1,800
கரிக்கூடை, சாம்பல் தட்டு: ரூ. 900
பால் வால்வு, பைப், மூடி: ரூ. 700
போல்ட், நட், கைப்பிடி: ரூ. 500
ரெண்டு தெர்மாமீட்டர்: ரூ. 1,800
சூடு தாங்கும் பெயின்ட்: ரூ. 600
வெல்டிங், ஓட்டை போடும் கூலி: ரூ. 1,500
டெம்போ: ரூ. 500
கையுறை, கண்ணாடி, மாஸ்க், ஒயர் பிரஷ்: ரூ. 700
எரிக்க விறகு, எண்ணெய்: ரூ. 500
மொத்தம்: ரூ. 12,000

வீடியோவில் வந்த ரெண்டாயிரம் இங்கே பன்னிரண்டாயிரம் ஆயிடுச்சு. யாரும் ஏமாற்றவில்லை. வீடியோ எடுப்பவர் வீட்டில் கிரைண்டர், டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். மிச்சம் மீதிக் கம்பி மூலையில் கிடக்கும். அவருக்கு ஆன கூடுதல் செலவு வேறு, உங்களுக்கு ஆகப் போகும் செலவு வேறு.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ஜார்ஜ் ஸ்டீபன். 1952-ல் சிகாகோ பக்கம், உருண்டையான மிதவையைப் பாதியா வெட்டி மூடியுள்ள பார்பிக்யூ அடுப்பு செய்தவர். வெபர் அடுப்பின் ஆரம்பம் அதுதான். அவர் வேலை பார்த்தது வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்ற உலோகப் பட்டறை. மிதவை அங்கே செய்யும் பொருள். கருவியும் தகடும் கைக்கெட்டும் தூரத்தில். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் இந்த ஒரு வேலைக்காக கிரைண்டர், டிரில் எல்லாம் வாங்காதீங்க. பட்டறைக்காரரிடம் கூலி கொடுத்து முடிப்பது மலிவு.

கட்டுவதா, வாங்குவதா?

இதற்கு எளிமையான ஒரு கணக்கு இருக்கு. அதே அளவு ரெடிமேட் ஸ்மோக்கர் விலையில் இருந்து உங்க மொத்தச் செலவைக் கழிங்க. மீதியை நீங்க செலவழிக்கப் போகும் மணி நேரத்தால் வகுங்க. வருவது இந்த வேலைக்கு உங்களுக்குக் கிடைக்கும் மணிக்கூலி.

ரெடிமேட் ரூ. 20,000, நீங்க கட்ட ரூ. 12,000, ரெண்டு வார இறுதியில் 16 மணி நேரம் என்று வைப்போம். 8,000-ஐ 16-ஆல் வகுத்தால் மணிக்கு ரூ. 500. ரெடிமேடே ரூ. 14,000-க்குக் கிடைத்தால் மணிக்கு ரூ. 125 மட்டும்.

கையில் மாதம் ரூ. 40,000 வருகிற ஒருவர் 22 நாள், தினம் 8 மணி நேரம் வேலை பார்த்தால் அவருடைய மணிக்கூலி சுமார் ரூ. 227. முதல் நிலைமையில் கட்டுவது லாபம். ரெண்டாவதில் வாங்குவது லாபம். போனஸ் ஒண்ணு: உங்க சொந்த உழைப்பால் மிச்சமாகும் தொகைக்கு வருமான வரி கிடையாது.

"எனக்கு இந்த வேலையே சந்தோஷம் சார்" என்றால் நேரத்துக்கு விலை போட வேண்டாம். ஓவர்டைம், ஃப்ரீலான்ஸ், பரீட்சைப் படிப்பு இதையெல்லாம் விட்டுவிட்டு வந்து வெல்டிங் பட்டறையில் நிற்பவர் மட்டும் விலை போடணும்.

மிச்சம் யாருக்கு? இங்கேதான் கணக்கு தப்பும்

அஞ்சு பேர் பார்பிக்யூ ரெஸ்டாரன்ட் போனால் தலைக்கு ரூ. 900, மொத்தம் ரூ. 4,500 என்று வைப்போம். வீட்டில் அதே அஞ்சு பேருக்கு 3 கிலோ கோழி ரூ. 780, கரி 3 கிலோ ரூ. 180, புகைக்கு விறகுத் துண்டு ரூ. 40, மசாலா, சாலட், ரொட்டி ரூ. 400. மொத்தம் ரூ. 1,400. ஒரு தடவைக்கு மிச்சம் ரூ. 3,100. பன்னிரண்டாயிரத்தை 3,100-ஆல் வகுத்தால் நாலே தடவையில் போட்ட பணம் திரும்பிடுச்சு. இப்படித்தான் நிறைய பேர் கணக்குப் போடுவாங்க.

இதில் ரெண்டு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை: டிரம்முக்கான 12,000 உங்க பாக்கெட். மிச்சமான 3,100 அஞ்சு பேர் பாக்கெட். ரெஸ்டாரன்டில் உங்க பங்கு ரூ. 900, வீட்டில் ரூ. 280. உங்களுக்கு மிச்சம் ரூ. 620 மட்டும். 12,000-ஐ 620-ஆல் வகுங்க. 20 தடவை சமைத்தால்தான் உங்க பணம் திரும்பும். மாதம் ஒரு தடவை என்றால் ஒன்றரை வருஷத்துக்கு மேல். குடும்பத்தில் மொத்த பில்லும் நீங்கதான் கட்டுவீங்க என்றால் மட்டும் அந்த நாலு தடவைக் கணக்கு சரி.

ரெண்டாவது ஓட்டை இன்னும் பெரிசு. நீங்க சமைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ரெஸ்டாரன்ட் பில்லைத் தவிர்க்கிறதா நினைச்சுக்கிறீங்க. உண்மையில் அப்படி நடக்குதா?

வருஷத்துக்கு மூணே தடவை போகும் குடும்பத்தை எடுத்துப்போம். பழைய செலவு 3 பெருக்கல் 4,500, ரூ. 13,500. டிரம் வந்த பிறகு ஆசையில் மாதம் ஒரு தடவை சமைக்கிறாங்க. 12 பெருக்கல் 1,400, ரூ. 16,800. ரெஸ்டாரன்டுக்கே போகவில்லை, இருந்தும் செலவு ரூ. 3,300 கூடிடுச்சு. டிரம் நாலு வருஷம் உழைக்கும் என்று வைத்தால் அதற்கு வருஷம் ரூ. 3,000. மொத்தத்தில் வருஷம் ரூ. 6,300 கூடுதல்.

இது தப்பு என்று சொல்லவில்லை. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பமா மாடியில் உட்கார்ந்து சாப்பிட வருஷத்துக்கு 6,300 கூடுதல் என்பது பலருக்கு நல்ல செலவுதான். ஆனால் அதை 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் எழுதுங்க. 'சேமிப்பு' என்று எழுதி, அந்தத் தைரியத்தில் எஸ்.ஐ.பி. தொகையைக் குறைக்காதீங்க. மிச்சம் என்பது நிஜமாவே தவிர்த்த பில்லை வைத்துத்தான், சமைத்த தடவையை வைத்து இல்லை.

நண்பர்களோடு சேர்ந்து வாங்கினால்

அஞ்சு பேர் பங்கு போட்டால் தலைக்கு ரூ. 2,400. அப்போ எல்லாருக்குமே நாலு தடவையில் பணம் திரும்பும். பேச்சிலர் வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி. ஒரு நிபந்தனை: வாங்கும் முன்னாடியே மூணு விஷயத்தை வாட்ஸ்அப் குரூப்பில் எழுதி வைங்க. யார் வீட்டில் இருக்கும், ரிப்பேர் செலவு எப்படிப் பிரியும், ஒருத்தர் வேலை மாறி ஊர் போனால் எவ்வளவு கொடுக்கணும்.

கடைசிக் கேள்விக்கு எளிய சூத்திரம், நாலு வருஷ ஆயுள் வைத்து வருஷத்துக்கு ரூ. 3,000 தேய்மானம். ஒரு வருஷம் கழித்துப் போகிறவருக்கு மீதி மதிப்பு 9,000-ல் அஞ்சில் ஒரு பங்கு, ரூ. 1,800. ரெண்டாயிரம் ரூபாய்க்காக நட்பு கெடும் இடம் இந்த மாதிரிச் சின்னக் கணக்கில்தான்.

பணத்தை எப்படித் திரட்டுவது? இ.எம்.ஐ. வேண்டாம். மாதம் ரூ. 2,000 தனியா எடுத்து வைத்தால் ஆறு மாதத்தில் 12,000. அந்த ஆறு மாதத்தில் ஆசை தணிந்துவிட்டால் பணம் மிச்சம். தணியாவிட்டால் இது நிஜமான ஆசை என்று தெரிந்துவிடும்.

இடமும் ஒரு செலவு

ஸ்மோக்கரை வீட்டுக்குள், மூடிய பால்கனியில், பார்க்கிங் அடித்தளத்தில் பற்ற வைக்கவே கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். மழை வருதே என்று உள்ளே இழுத்து வைப்பதும் கூடாது. அணைந்த மாதிரி தெரியும் கரியும் இந்த வாயுவை விடும்.

வாடகை வீடு என்றால் மாடியைப் பயன்படுத்த ஓனரிடமும், அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷனிடமும் முதலில் கேளுங்க. டிரம் வந்து இறங்கின பிறகு "கூடாது" என்று சொன்னால் மொத்த 12,000-மும் போச்சு. வீடு மாறும்போது லாரியில் இதுவும் ஒரு சாமான் என்பதையும் நினைவில் வைங்க. கடற்கரை ஊரில் இருந்தால் உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும், ஆயுளை நாலுக்குப் பதில் மூணு வருஷமாப் போடுங்க.

ஓட்டும் செலவைக் குறைக்க

கூடை நிறைய பற்றாத கரி போட்டு, மேலே கொஞ்சம் மட்டும் பற்ற வைத்த கரியைக் கொட்டுங்க. மேலிருந்து கீழாக மெதுவா பற்றிக்கொண்டு போகும். சூடு 95 டிகிரி தொடும்போதே ஒரு காற்று வழியை மூட ஆரம்பிங்க. ஏறின சூட்டை இறக்குவது கஷ்டம். மூடியை அடிக்கடி திறந்து பார்க்காதீங்க. திறந்தால் காற்று புகுந்து தீ எகிறும், கரி வீணாகும்.

சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மேலேயும் கீழேயும் எல்லா ஓட்டையையும் அடைச்சுடுங்க. காற்று இல்லாமல் தானா அணையும். மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். மறுநாள் வரைக்கும் சாம்பலைக் குப்பையில் கொட்டாதீங்க.

கரிக்கு வெளிநாட்டுப் பாக்கெட் தேவையே இல்லை. ராமநாதபுரம் பக்கம் சுடும் சீமைக்கருவேலங்கரி அருமையா வேலை செய்யும். டெக்சாஸில் பார்பிக்யூவுக்குப் பேர் போன மெஸ்கீட் மரமும் நம்ம சீமைக்கருவேலமும் நெருங்கிய சொந்தம். புகைக்குக் கொய்யா, மா, புளிய மரத்தின் காய்ந்த துண்டு ரெண்டு போதும். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை மட்டும் போடக் கூடாது.

"இதை வைத்தே வார இறுதியில் சம்பாதிக்கலாமே?"

கட்டி முடித்து ருசி பிடிபட்டதும் பத்தில் மூணு பேருக்காவது இந்த எண்ணம் வரும். வரட்டும். ஆனால் பணம் வாங்கிக் கோழி கொடுக்கும் முதல் நாளே நீங்க சம்பளக்காரர் மட்டும் இல்லை, வியாபாரியும் ஆயிடுறீங்க. அப்போ பார்க்க வேண்டியவை:

ஒன்று, உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர். வேறு வருமான வேலை செய்யக் கூடாது என்று அதில் இருந்தால், கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்க. மாதம் அஞ்சாயிரம் லாபத்துக்காக நாற்பதாயிரம் சம்பளத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

ரெண்டு, உணவு விற்பவர் எவ்வளவு சின்னவரா இருந்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேணும். தெருவில் கடை போட்டால் உள்ளாட்சி அனுமதி தனி.

மூணு, வருமான வரி. வியாபார வருமானம் வந்துவிட்டால் ஐ.டி.ஆர். 1 போட முடியாது. சின்ன வியாபாரத்துக்கு உத்தேச லாபம் காட்டும் முறை இருக்கு. ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதம், யு.பி.ஐ. மாதிரி டிஜிட்டல் விற்பனையில் குறைந்தது 6 சதவீதம் லாபம் என்று காட்டி ஐ.டி.ஆர். 4-ல் சம்பளத்தோடு சேர்த்துத் தாக்கல் செய்யலாம். வருஷத்துக்கு யு.பி.ஐ.-யில் ரூ. 2,88,000 விற்றால் குறைந்தது ரூ. 17,280 லாபமா வரும்.

நாலு, நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். சம்பளம் மட்டும் இருந்தால் பழைய வரி முறை, புதிய வரி முறை ரெண்டில் ஒண்ணை வருஷா வருஷம் மாத்தலாம். வியாபார வருமானம் இருந்தால் அந்தச் சுதந்திரம் போயிடும். பழைய முறையில் இருந்து புதிய முறைக்கு ஒரு தடவை திரும்பினால், வியாபாரம் இருக்கும் வரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. வீட்டுக் கடன், 80சி கழிவு எல்லாம் நம்பி இருப்பவர்கள் முதல் கோழியை விற்கும் முன்னாடி இதை யோசிக்கணும்.

ஜி.எஸ்.டி. பற்றி இப்போ கவலைப்பட வேண்டாம். சமைத்த உணவு விற்பனைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. உங்க சம்பளம் அதில் சேராது. நீங்களே நடத்தும் கடையை விட்டுவிட்டு டெலிவரி ஆப் வழியா விற்கப் போறீங்க என்றால் மட்டும் முன்கூட்டியே ஒரு ஆடிட்டரிடம் பேசிக்கோங்க.

வியாபாரம் எதுவும் செய்யாமல், சலித்துப்போய் டிரம்மை யாருக்காவது விற்றுவிட்டால்? அதற்கு வரி இல்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த இந்த மாதிரி வீட்டுச் சாமான் மூலதனச் சொத்துக் கணக்கில் வராது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

டிரம் கடைக்குப் போகும் முன்னாடி, போனைத் திறந்து கடந்த 12 மாத யு.பி.ஐ., கார்டு பில்லில் பார்பிக்யூ, கிரில் என்று போனது எத்தனை தடவை, உங்க பங்கு எவ்வளவு என்று எண்ணுங்க. அதில் எத்தனையை நிஜமாவே வீட்டுக்கு மாற்றுவீங்க என்று நேர்மையா எழுதுங்க. அடுத்து ஓனரிடம் மாடி அனுமதி கேளுங்க. மூணாவதாக, டிரம் வியாபாரியிடம் "முன்னாடி இதில் என்ன இருந்தது" என்று கேளுங்க.

முதல் கேள்விக்கு விடை ஆறுக்குக் கீழே என்றால் தனியா கட்டாதீங்க, பங்குக்கு ஆள் தேடுங்க. மூணாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் அந்த டிரம்மை அங்கேயே விட்டுட்டு வந்துடுங்க. வேற டிரம் கிடைக்கும்.